பழைய கார் ஆயில் குடிக்கிறதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய சிறிய பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது இது: மாருதி 800, ஆல்டோ, ஜென், வேகன் ஆர், சான்ட்ரோ வகையறா. டர்போ டீசலுக்குத் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது. ஆயில் குறைகிறது என்று சொன்ன மறுநிமிடமே "ரிங் போச்சு சார், இன்ஜின இறக்கணும்" என்று பதில் வரும் பட்டறைகள் நிறைய உண்டு. பல வண்டிகளில் அது ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையம்) கோளாறே அல்ல. ரிங்தான் என்றாலும், சோதித்து உறுதி செய்த பிறகே இன்ஜினில் ஸ்பேனர் வைக்கவேண்டும்.

எவ்வளவு குறைந்தால் கவலைப்படவேண்டும்?

ஆயிலே குறையாத இன்ஜின் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஆயில் படலத்தில் கொஞ்சம் ஒவ்வொரு முறையும் எரியத்தான் செய்யும். டொயோட்டாவின் உரிமையாளர் கையேடுகளில் 1000 கி.மீ.க்கு அதிகபட்சம் 1 லிட்டர் என்றே போட்டிருப்பதைப் பார்க்கலாம். ஆனால் அது நிறுவனம் தனக்கு வைத்துக்கொண்ட உச்சவரம்பு. நம் சிறிய கார்களின் சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருப்பதே இரண்டரை முதல் மூன்றரை லிட்டர். அதில் ஒரு லிட்டர் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காலி.

நடைமுறைக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 5000 கி.மீ.க்கு அரை லிட்டருக்குள் குறைந்தால் விட்டுவிடலாம். 2000-3000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்றால் காரணத்தைத் தேடவேண்டும், ஆனால் அவசரமில்லை. 1000 கி.மீ.க்குள் ஒரு லிட்டர் போனால் தள்ளிப்போடக்கூடாது. இந்த எண்களைவிட முக்கியமானது மாற்றத்தின் வேகம். ஆண்டுக்கணக்கில் ஒரே அளவில் ஆயில் எடுக்கும் வண்டி பயமுறுத்தாது. போன மாதம் வரை எடுக்காமல் இந்த மாதம் திடீரென்று எடுத்தால் எங்கோ ஒரு பொருள் குறிப்பாகப் பழுதாகியிருக்கிறது என்று பொருள், அதைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் எளிது.

சரியாக அளப்பது எப்படி?

பாதி பேர் இங்கேதான் தவறுகிறார்கள். வண்டியை நிறுத்திய கையோடு ஒரு நாள், காலையில் குளிர்ந்த இன்ஜினில் இன்னொரு நாள், சாய்வான தெருவில் மற்றொரு நாள் என்று பார்த்தால் கால் லிட்டர் வரை வித்தியாசம் காட்டும். ஒரே சமதளமான இடத்தில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பாருங்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் குச்சி) துடைத்து முழுதாகச் செருகி எடுத்து இரு பக்கமும் பாருங்கள். எந்தப் பக்கம் குறைவாகக் காட்டுகிறதோ அதுவே கணக்கு.

கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே எத்தனை மில்லி என்பது வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் 700 மில்லி முதல் 1 லிட்டர் வரை இருக்கும். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது இதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். புதிய ஆயிலைக் கீழ்க்கோடு வரை ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு ஃபில்டர் நிரம்பிய பிறகு அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கீழ்க்கோடு வரை ஊற்றிச் சரிசெய்யுங்கள். அங்கிருந்து 100 மில்லி 100 மில்லியாக ஊற்றி மேல்கோடு வர எவ்வளவு பிடித்தது என்று எழுதிவையுங்கள்.

பிறகு மேல்கோட்டில் நிறுத்தி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு 1000 கி.மீ. ஓட்டுங்கள். மறுபடி மேல்கோட்டுக்குக் கொண்டுவர எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதுதான் உங்கள் வண்டியின் உண்மையான எண். நடுவில் கோடு கீழ்க்குறிக்குப் போய்விட்டால் சோதனையை அங்கேயே முடித்து ஊற்றிவிடுங்கள். இந்த ஒரு எண் கையில் இல்லாமல் பட்டறைக்குப் போகாதீர்கள். வேலை முடிந்த பிறகு குணமானதா இல்லையா என்று சொல்லப்போவதும் இதே எண்தான்.

ஊருக்குள் ஓட்டும்போது குறையவே இல்லை, ஒரு நெடும்பயணம் போனதும் மளமளவென்று இறங்கிவிட்டது. ஏன்?

ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கலாம். வீட்டுக்கும் கடைக்கும் இரண்டு கி.மீ. போய்வரும் வண்டியில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வருவதில்லை. எரியாத பெட்ரோல் ரிங்கைத் தாண்டி சம்ப்பில் இறங்கி, குறைந்த ஆயிலின் இடத்தை நிரப்பிவிடும். மட்டம் அப்படியே இருப்பதுபோல் தெரியும். நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓடியதும் பெட்ரோல் ஆவியாகி, பல மாதங்களாக மறைந்திருந்த குறைவு ஒரே நாளில் வெளியே வரும்.

டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை தெளிவாகத் தெரியும். பழைய கார்புரேட்டர் மாருதி 800-இல் இன்னொரு காரணம் உண்டு. அதன் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக இன்ஜினுக்குள் சொட்டும். மட்டம் குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நீர்த்த ஆயிலில் பேரிங் நீண்ட நாள் தாங்காது, ஆகவே பம்ப்பை மாற்றிய கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

புகையும் இல்லை, தரையில் கறையும் இல்லை. அப்புறம் ஆயில் எங்கேதான் போகிறது?

2000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு கி.மீ.க்கு அரை மில்லிதான். அது எரிந்தால் கண்ணுக்குத் தெரியாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) உள்ள வண்டியில் மிச்சமிருக்கும் புகையையும் அது எரித்துவிடும். புகை வரவில்லை என்பதால் ஆயில் எரியவில்லை என்று முடிவுகட்டக்கூடாது.

கசிவும் அப்படித்தான். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 25 துளி என்று வைத்தால், ஓடும்போது 40 மீட்டருக்கு ஒரு துளி விழுந்தாலே 1000 கி.மீ.யில் ஒரு லிட்டர் காலி. ஆயில் அழுத்தம் இருக்கும்போது மட்டும் கசியும் இடங்கள் உண்டு: பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் வாஷர் போன்றவை. இன்ஜின் நின்றதும் அழுத்தம் போய்விடும், வீட்டு வாசலில் ஒரு சொட்டுகூட விழாது.

கசிவைத் தேடுவது எந்த வரிசையில்?

மேலிருந்து கீழே. ஆயில் கீழே வழியும், காற்று அதைப் பின்னால் தள்ளும். சம்ப் முழுக்க ஈரமாக இருக்கிறது என்று சம்ப் பேக்கிங்கை மாற்றிவிட்டு, உண்மையில் கசிவது மேலே டேப்பட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) என்று பிறகு தெரியவரும் கதை பட்டறைகளில் அடிக்கடி நடப்பதுதான்.

முதலில் இன்ஜினை நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஆல்டர்னேட்டர் மூன்றையும் பாலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள். காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, 20-30 கி.மீ. ஓட்டிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு தொடங்கும் இடத்திலிருந்து பவுடரில் ஒரு கருங்கோடு கீழே இறங்கியிருக்கும்.

டேப்பட் கவர் பேக்கிங்தான் முதல் சந்தேகம். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அந்தக் குழியின் ரப்பர் வளையம் போய்விட்டது. அடுத்து, ஹெட்டின் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) ஓரத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டிகளில் அதன் ஓ-ரிங். பிறகு பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் உட்காரும் முகம். சில நேரம் பழைய ஃபில்டரின் வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதிய ஃபில்டரைப் போட்டிருப்பார்கள். இரட்டை வாஷர் நிற்காது; ஒரு நாள் முழு ஆயிலையும் சாலையில் கொட்டிவிடும்.

டைமிங் பெல்ட் கவருக்குள்ளிருந்து ஆயில் வந்தால் கேம் ஷாஃப்ட் ஆயில் சீல் அல்லது கிராங்க் முன்சீல். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆயிலில் ஊறிய பெல்ட் பல் நழுவும், அறுந்தும் போகும். சீல் மாற்றும்போது பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், கூலி ஒன்றுதான்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் கிராங்க் பின்சீல் அல்லது கியர்பாக்ஸ் உள்தண்டின் சீல். விரலில் தொட்டு மோந்தால் தெரிந்துவிடும்: கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும். பின்சீலுக்குக் கியர்பாக்ஸை இறக்கவேண்டும். கிளட்ச் தேய்ந்து மாற்றும் நாள் நெருங்கியிருந்தால் இரண்டையும் ஒன்றாகச் செய்வது புத்திசாலித்தனம்.

பிசிவி வால்வு என்கிறார்களே, அதற்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் பொருள் இது. இதைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் ஏராளம்.

எவ்வளவு நல்ல ரிங்காக இருந்தாலும் கொஞ்சம் எரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும். அந்தப் புகையை கிராங்க் அறையிலிருந்து உறிஞ்சி மறுபடி எரிய அனுப்புவது பிசிவி வால்வின் வேலை. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் பலவீனமான சீலைத் தேடி வெளியே வரும். டேப்பட் கவர், கேம் சீல், பின்சீல் என்று வரிசையாகக் கசிவதும், மாற்றிய சீல் ஆறு மாதத்தில் மறுபடி கசிவதும் இதனால்தான். வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் நேர்மாறு: இன்டேக் மேனிஃபோல்டின் வேக்கூம் ஆயில் ஆவியை ஓயாமல் உறிஞ்சி எரிக்கும்.

சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது வால்வை டேப்பட் கவரிலிருந்து உருவி, அதன் வாயை விரலால் மூடுங்கள். விரலை இழுத்துப் பிடிக்கவேண்டும், ஐடிலும் சற்று மாறவேண்டும். இழுக்கவில்லை என்றால் வால்வோ ஓஸோ அடைத்திருக்கிறது. அணைத்தபின் வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கவேண்டும். சத்தமில்லாமல் பிசுபிசுவென்று இருந்தால் கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பாருங்கள், அதற்கும் அசையாவிட்டால் புதிது போடுங்கள். சில இன்ஜின்களில் வால்வுக்குப் பதில் சிறு துளை உள்ள குழாய் மட்டும் இருக்கும். அந்தத் துளையைத் தூர்வாரினால் போதும். ஓஸ் கெட்டிருந்தால் கையில் கிடைத்த தண்ணீர் ஓஸ் துண்டைச் செருகவேண்டாம். சூட்டில் இளகி, வேக்கூமில் தட்டையாகி மறுபடி அடைத்துக்கொள்ளும்.

இன்னொரு சோதனை: ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின்மேல் மெல்லிய பாலித்தீன் பையை விரியுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. குப்குப்பென்று மேலே தள்ளினால் பிசிவி அடைப்பு அல்லது ரிங் தேய்மானம். பிசிவியைச் சரிசெய்த பிறகும் தள்ளினால் ரிங் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியிருப்பதும் இதே கதையைத்தான் சொல்லும்.

புகை வரும் நேரத்தை வைத்து என்ன சொல்லலாம்?

நீலப்புகை என்றால் ஆயில். எப்போது வருகிறது என்பதுதான் எங்கிருந்து வருகிறது என்று காட்டும். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு பொட்டலம் நீலப்புகை வந்து, அரை நிமிடத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல், அதாவது வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர். இரவில் வால்வுத் தண்டு வழியே இறங்கிய ஆயில் அது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் இறங்கி வந்து, அடிவாரத்தில் மிதித்ததும் பின்னால் நீலமேகம் எழுந்தால் அதுவும் வால்வு சீல் அல்லது கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்). இறக்கத்தில் த்ராட்டில் மூடியிருக்கும்போது வேக்கூம் உச்சத்தில் இருக்கும், கைடு வழியே ஆயிலை இழுக்கும். ஏற்றத்திலும் பாரத்திலும் மிதிக்க மிதிக்கப் புகை கூடினால் ரிங், சிலிண்டர் பக்கம். எப்போதும் புகைத்தால் இரண்டுமே போயிருக்கலாம்.

கரும்புகை ஆயில் அல்ல, பெட்ரோல் அதிகம். காலையில் வரும் வெள்ளை நீராவி வெறும் தண்ணீர். சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டை (ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங்) பாருங்கள்.

பிளக்கைக் கழற்றினால் என்ன தெரியும்?

எந்த சிலிண்டர் என்று தெரியும். கழற்றும்போதே வரிசை மாறாமல் அடுக்கிவையுங்கள். வெளிர்பழுப்பு என்றால் நலம். கரிபோல் உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது குட்டைப் பயணம். பளபளவென்று ஈரமான கறுப்பு என்றால் அந்த சிலிண்டரில் ஆயில் வருகிறது. எலக்ட்ரோடின் ஒரு பக்கத்தில் மட்டும் சாம்பல் கெட்டியாகப் படிந்திருந்தால் ஆயில் வால்வு பக்கமிருந்து இறங்குவதாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒரு பிளக் மட்டும் ஈரமாக இருந்தால் ஒரு சீலோ ஒரு ரிங்கோதான் போயிருக்கிறது. பொதுவான தேய்மானம் எல்லா சிலிண்டரிலும் தெரியும்.

கம்ப்ரெஷன் டெஸ்ட் எப்படிச் செய்யவேண்டும்? எத்தனை வரவேண்டும்?

இன்ஜின் சூடாக, பேட்டரி முழுச் சார்ஜில் இருக்கவேண்டும். எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றி அளக்கும் பழக்கம் தவறு. கிராங்க் மெதுவாகச் சுற்றி அளவு குறைத்துக் காட்டும். காயில் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிவிடுங்கள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்து, முள் ஏறி நிற்கும் வரை ஐந்தாறு கம்ப்ரெஷன் சுற்றவிடுங்கள். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எடுத்த அளவைக் காட்டி "கம்ப்ரெஷன் இல்ல" என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

இந்த வகை இன்ஜின்களில் நல்ல நிலையில் 12 முதல் 14 பார், அதாவது 170-200 பிஎஸ்ஐ வரும். 10 பாருக்குக் கீழே போனால் தேய்மானம். மொத்த அளவைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள், அது 1 பாரைத் தாண்டக்கூடாது.

குறைவாக வந்த சிலிண்டரில் பிளக் துளை வழியே ஒரு டீஸ்பூன், 5 மில்லி, இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி எடுங்கள். அளவு 2 பார் அல்லது அதற்குமேல் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை அல்லது ஹெட் கேஸ்கட். பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் ஒன்றுபோல் குறைந்தால் நடுவில் கேஸ்கட் போயிருக்கிறது.

கம்ப்ரெஷன் 13 பார் வருகிறது, ஆனாலும் ஆயில் எரிகிறது. ரிங் நன்றாகத்தானே இருக்கிறது?

அப்படி முடிவுகட்ட முடியாது. பலரையும் தடுக்கிவிழ வைக்கும் இடம் இது.

பிஸ்டனில் மூன்று ரிங். மேலே இரண்டும் கம்ப்ரெஷனைப் பிடிப்பவை. மூன்றாவது ஆயில் ரிங்: இரண்டு மெல்லிய தகடும் நடுவே ஒரு அலையும். சுவரில் தெறித்த ஆயிலை வழித்து, பள்ளத்தில் உள்ள துளைகள் வழியே சம்ப்புக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. பழைய ஆயிலிலேயே நீண்ட நாள் ஓடிய இன்ஜினைப் பிரித்தால் அந்தத் துளைகள் இருந்த தடமே தெரியாது. கறுப்பு அரக்குபோல் கரி அடைத்திருக்கும், அலை பள்ளத்தோடு ஒட்டி அசையாது. வழிக்கமுடியாத ஆயில் மேலே போய் எரியும். மேலிரண்டு ரிங்கும் நன்றாக இருப்பதால் கம்ப்ரெஷன் சரியாகவே காட்டும். சுவரில் கூடுதலாக இருக்கும் ஆயில் இடைவெளியை மூடுவதால் சில வண்டிகளில் அளவு கூடக் காட்டுவதும் உண்டு.

டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின் இதற்கு உலகறிந்த உதாரணம். அமெரிக்காவில் 2007-2009 கேம்ரி உள்ளிட்ட வண்டிகளில் ஆயில் ரிங் பிரச்சினைக்காக, திருத்திய பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றித்தரும் திட்டத்தை டொயோட்டாவே அறிவித்தது. அங்கே பட்டறைகள் செய்த சோதனை எளிமையானது. ஆயிலை நிரப்பி சீல் வைத்து 1200 மைல் ஓட்டவிடுவார்கள். ஒரு குவார்ட்டுக்குமேல், அதாவது 1900 கி.மீ.க்குச் சற்றேறக்குறைய ஒரு லிட்டருக்குமேல் குறைந்தால் வண்டி அந்தத் திட்டத்தில் சேரும். மட்டத்தை அளந்துதான் முடிவெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே கம்ப்ரெஷன் நன்றாக, வால்வு சீல் அறிகுறி இல்லாமல், பிசிவி சரியாக, கசிவும் இல்லாமல் ஆயில் குறைந்தால் ஆயில் ரிங்தான் மிச்சமிருக்கும் சந்தேகம்.

இன்ஜினைப் பிரிக்காமல் ஆயில் ரிங்கை விடுவிக்க முடியுமா?

கரி பிடித்துச் சிக்கியதுதான் காரணம் என்றால், சில வண்டிகளில் முடியும். ரிங் தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் எந்தத் திரவமும் உதவாது. செலவு குறைவு என்பதால் முயல்வதில் தவறில்லை, ஆனால் முறையாகச் செய்யவேண்டும்.

இன்ஜின் இளஞ்சூடாக இருக்கும்போது பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்கள் முடிந்தவரை ஒரே உயரத்தில் நிற்கும்படி கிராங்கைக் கையால் சுற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 முதல் 50 மில்லி பிஸ்டன் கரி நீக்கும் திரவத்தை ஊற்றி, குறைந்தது ஓர் இரவு ஊறவிடுங்கள். நடுநடுவே கிராங்கைச் சற்று முன்னும் பின்னும் அசைத்தால் திரவம் ரிங் பள்ளத்துக்குள் இறங்கும்.

மறுநாள் பிளக்குகளைப் போடும் முன் துளைகளை துணியால் மூடி, காயிலையும் இன்ஜெக்டரையும் கழற்றியபடியே சில வினாடி கிராங்க் செய்யுங்கள். இதைச் செய்யாமல் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் உள்ளே தங்கிய திரவத்தை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் கட்டாயம் மாற்றுங்கள், ஏனென்றால் இறங்கிய திரவம் சம்ப்பில்தான் இருக்கிறது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் புகை கக்கும், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். அதன்பின் 1000 கி.மீ. அளவு எடுத்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கெட்டி ஆயில் போட்டால் நின்றுவிடுமா?

தேய்ந்த கைடிலும் லேசான கசிவிலும் கொஞ்சம் குறையும். கையேடு 10டபிள்யூ-30 சொல்லும் பழைய வண்டிக்கு நம் ஊர் வெயிலில் 10டபிள்யூ-40 போடுவதில் தவறில்லை. 20டபிள்யூ-50-க்குத் தாவினால் காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே போய்ச் சேர நேரமாகும். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள இன்ஜின் தட்டத் தொடங்கும். அடைத்த ஆயில் ரிங்குக்குக் கெட்டி ஆயில் மருந்தே அல்ல.

கெட்டியைவிட ஆவியாகும் தன்மையைப் பாருங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்ப்பது நோவாக் சோதனை. ஏசிஇஏ ஏ3/பி4 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்கள் வகுத்த ஆயில் தரம்) தரத்தில் அது 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மலிவான மெல்லிய ஆயிலிலிருந்து இந்தத் தர ஆயிலுக்கு மாறியதாலேயே ஆயில் குறைவது தணியும் வண்டிகள் உண்டு.

மேல்கோட்டுக்குமேல் ஊற்றிவைப்பதும் ஆயிலைக் குடிக்கவைக்கும். கிராங்க் அதை அடித்து நுரையாக்கி பிசிவி வழியே அனுப்பிவிடும்.

வால்வு சீல் மட்டும் மாற்றினால் போதுமா? ஹெட்டைக் கழற்றவேண்டுமா?

குளிர் ஸ்டார்ட் புகை, இறக்கத்துப் புகை, நல்ல கம்ப்ரெஷன் மூன்றும் சேர்ந்தால் சீல் மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றவேண்டியதில்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி, கியரில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்து, பிளக் துளை வழியே 6-7 பார் காற்றைக் கொடுத்தால் வால்வு கீழே விழாது. ஸ்பிரிங்கை அமுக்கி, லாக்குகளைக் காந்தத்தால் எடுத்து, காய்ந்து பிளாஸ்டிக்போல் இறுகிய பழைய சீலை உருவிப் புதியதைத் தட்டி இறக்கலாம். சீல் ஒவ்வொன்றும் மலிவு, கூலிதான் செலவு.

ஸ்பிரிங் இல்லாத நேரத்தில் வால்வுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால் கைடு போய்விட்டது. அந்த நிலையில் புதுச் சீல் சில மாதங்களே தாங்கும், ஹெட்டை லேத்துக்கு அனுப்பிக் கைடு மாற்றி வால்வு உட்காரவைப்பதுதான் வழி.

ஒரு எச்சரிக்கை. ரிங் தேய்ந்த இன்ஜினில் ஹெட் வேலை மட்டும் செய்தால், மேலே சீலிங் நன்றானதால் கீழே ரிங்மேல் அழுத்தம் கூடி ஆயில் செலவு ஏறும் வண்டிகளும் உண்டு. ஹெட் வேலைக்கு முன்பே கம்ப்ரெஷன் எண் கையில் இருக்கவேண்டும்.

இன்ஜினைப் பிரித்தே ஆகவேண்டும் என்றால் ரிங் மட்டுமா, போரிங்குமா?

அளந்து முடிவெடுக்கவேண்டும், கண்ணால் பார்த்து அல்ல. போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் மூன்று மட்டத்திலும் இரு திசையிலும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 0.10 மி.மீ.யைத் தாண்டினால் போரிங் செய்து (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி) 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். அதற்குள் இருந்தால் ஹோனிங் செய்து (சுவரை லேசாகச் சொரசொரப்பாக்கி) ஸ்டாண்டர்டு ரிங் போதும். ஹோனிங் இல்லாமல் கண்ணாடிபோல் வழவழத்த சுவரில் புது ரிங் போட்டால் அது உட்காராது, ஆயில் முன்புபோலவே போகும்.

ரிங் மாட்டுவதில் நடக்கும் தவறுகள் மூன்று. இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போடுவது முதலாவது. அதன் ஓரம் சாய்வானது, கீழே வழிக்கவேண்டியதை மேலே இறைத்துவிடும். எழுத்துக்குறி உள்ள பக்கம் மேலே வரவேண்டும். ஆயில் ரிங் அலையின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுவது இரண்டாவது. முனைகள் முட்டி நிற்கவேண்டும். எல்லா ரிங்குகளின் வெட்டு வாய்களையும் ஒரே நேர்க்கோட்டில் விடுவது மூன்றாவது. பிஸ்டனைப் பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள், இந்த மூன்றையும் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்படமாட்டார்.

முதல் 1000 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட்டாமல், நீண்ட நேரம் ஐடிலில் விடாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அதுவரை கொஞ்சம் ஆயில் குறைவது இயல்பு.

டர்போ டீசலில் என்ன வேறு?

டர்போவின் தண்டுக்கு இன்ஜின் ஆயில்தான் உயவு. அதன் சீல் தேய்ந்தால் இன்டேக் பக்கமோ சைலன்சர் பக்கமோ ஆயில் போகும். இன்டர்கூலர் ஓஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு, தேங்கி நின்றால் இயல்பல்ல. ஏர் ஃபில்டர் ஓஸைக் கழற்றி, இன்ஜின் ஆறிய பின், டர்போ தண்டைப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச்சிறு ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ விசிறி உறையில் உரசிய தடம் இருந்தாலோ டர்போ போய்விட்டது.

டர்போவை மாற்றும் முன் ஆயில் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது அடைத்தால் நல்ல டர்போவும் ஆயிலைக் கக்கும். புது டர்போவும் அதே கதிக்கு ஆளாகும்.

உயிருக்கே ஆபத்தான ஒன்று: டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாக உறிஞ்சத் தொடங்கினால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். வண்டி நின்றுகொண்டிருந்தால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி அணையும். அதுவும் நடக்கவில்லை என்றால் இறங்கி விலகி நில்லுங்கள். ஓடும் இன்ஜினின் காற்றுக் குழாயைக் கையால் மூட முயலவேண்டாம்.

எதுவும் செய்யாமல் ஊற்றி ஊற்றி ஓட்டலாமா?

2000 கி.மீ.க்கு ஒரு லிட்டருக்குள், கசிவு இல்லாமல், அளவு மாறாமல் இருந்தால் ஓட்டலாம். இன்ஜின் வேலைச் செலவையும் வண்டியின் மதிப்பையும் வைத்துப் பார்த்தால் பல பழைய கார்களுக்கு இதுவே நியாயமான முடிவு. ஆனால் வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கவேண்டும், நெடும்பயணத்தில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் பார்க்கவேண்டும். ஆயில் விளக்கு எரியும் வரை காத்திருக்காதீர்கள். அது மட்டத்தைக் காட்டுவதில்லை, அழுத்தத்தைக் காட்டுகிறது. எரியும்போது பேரிங் ஏற்கனவே காய்ந்திருக்கும்.

ஊற்றுகிறோமே என்று ஆயில் மாற்றத்தைத் தவிர்ப்பதும் தவறு. கரியும் அமிலமும் பழைய ஆயிலோடு உள்ளேயே தங்கி, ஆயில் ரிங்கை இன்னும் அடைக்கும். பிளக்கை வழக்கத்தைவிட முன்னதாக மாற்றுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் எரியும் ஆயிலின் பாஸ்பரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்க வைக்கும். புகைச் சான்றிதழ் சோதனையில் எண்கள் ஏறத் தொடங்கினாலோ, 1000 கி.மீ. அளவு முந்தைய முறையைவிட ஒன்றரை மடங்கானாலோ, ஊற்றி ஓட்டுவதை நிறுத்திவிட்டு பிசிவியிலிருந்து மறுபடி சோதிக்கத் தொடங்குங்கள்.